ஊர் இரண்டுபட்டிருக்கும்போது தன்னார்வப் பள்ளியை எப்படி நடத்துவது?

கேள்வி இதுதான். ஒரு கிராமத்தில் ஐந்தாறு தன்னார்வலர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு பள்ளி நடத்துகிறார்கள். சில மாதங்களாக ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. அவ்வப்போது கடையடைப்பு, கல்வீச்சு, ராத்திரியில் வீடு வீடாகச் சோதனை. பிள்ளைகள் வரத்து பாதியாகிவிட்டது. தினசரி வேலையை எப்படி ஓட்டுவது, எந்த நாளில் மூடுவது, எப்போது திறப்பது?

பதற்றமான பகுதிகளில் இந்த மாதிரிப் பள்ளிகளோடு நெடுநாள் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன். பிள்ளையை அனுப்பும் தாய்க்குக் காலையில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். இன்றைக்குப் பள்ளி உண்டா? பிள்ளை எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பும்? நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆளிடமிருந்து தெளிவான பதில் கிடைத்தால் அனுப்பிவிடுவார். நாளுக்கொரு பதில் வந்தால் நிறுத்திவிடுவார். உள்ளே பாடம் எவ்வளவு அருமையாக நடந்தாலும் அவருக்கு அது தெரியப்போவதில்லை. நான் கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதல் வேலை விடியற்காலையில். ஒவ்வொரு தெருவிலும் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பால் வாங்கப் போகிறவர், முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர், வயலுக்கு இறங்குகிறவர் என்று அந்த நேரத்தில் எப்படியும் வெளியே வருகிற ஆளாக இருந்தால் போதும். ராத்திரி என்ன நடந்தது, ரோட்டில் தடுப்பு ஏதும் உண்டா, வெளியாட்கள் யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று அவர்களிடம் கேட்டு, ஒரே ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்து யார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆளாளுக்கு ஃபோன் போட்டு ஆளாளுக்கு ஒன்று சொன்னால் அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் வழியிலும் பாதிப் பிள்ளைகள் வீட்டிலும் நிற்பார்கள். அது மூடுவதைவிட மோசம்.

முடிவை அறிவிக்க வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் நம்ப வேண்டாம். கலவரம் என்றால் முதலில் துண்டிக்கப்படுவது இணையம்தான். காதுக்குக் கேட்கிற அடையாளம் ஒன்று வேண்டும். தண்டவாளத் துண்டைத் தட்டுகிற பழைய பள்ளிக்கூட மணியே போதும்: குறித்த நேரத்தில் மணி கேட்டால் பள்ளி உண்டு, கேட்காவிட்டால் இல்லை. வாசலில் துணி கட்டி அடையாளம் காட்டுவதாக இருந்தால் அதன் நிறத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஊரில் எந்தப் பக்கத்துக்கும் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறமாக இருக்க வேண்டும்.

எப்போது மூடுவது என்பதை அன்றன்றைக்கு உட்கார்ந்து யோசிக்காதீர்கள். ஊர் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு பக்கப் பெற்றோரையும் வைத்துக்கொண்டு விதியாக எழுதிவிடுங்கள். கடையடைப்பு அறிவித்திருந்தால் இல்லை. பள்ளிக்கு வரும் வழியில் கூட்டம் கூடியிருந்தால் இல்லை. ராத்திரி அடிதடி நடந்திருந்தால் மறுநாள் இல்லை. மூடிய பிறகு திறப்பதற்கும் விதி வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் பெற்றோர் ஒருவராவது சரி என்று சொன்ன பிறகுதான் மணி அடிப்போம் என்று வையுங்கள். இதில் பெரிய பலன் ஒன்று இருக்கிறது. யாராவது வந்து "அவங்க சொன்னதும் மூடினீங்க, நாங்க சொன்னா மூட மாட்டீங்களா?" என்று கேட்டால், விதியை எடுத்துக் காட்டலாம். முடிவு விதிப்படி வருகிறது என்று ஊருக்குப் புரிந்துவிட்டால் உங்கள் மேல் வரும் அழுத்தம் பெருமளவு குறையும்.

பிள்ளைகள் உள்ளே வந்த பிறகு பிரச்சினை கிளம்பினால்? என் கருத்து உறுதியானது: வதந்தியைக் கேட்டு மணி அடித்துப் பிள்ளைகளை ரோட்டில் விடாதீர்கள். கதவைச் சாத்தி, ஜன்னல் ஓரத்திலிருந்து விலக்கி, கனமான சுவர் பக்கம் உட்கார வைத்து, பெற்றோர் வந்து அழைத்துப் போகும்வரை உள்ளேயே வைத்திருங்கள். கட்டிடத்தையே குறிவைத்து வந்தால், தீப்பிடித்தால், அப்போது வேறு வழியில்லை. அதற்குப் பின்வாசல் வழியாக எந்த வீட்டுக்குப் போவது என்று முன்பே ஒரு வீட்டாரிடம் பேசி, பிள்ளைகளோடு ஓரிரு முறை நடந்தும் பார்த்திருக்க வேண்டும். மற்றபடி உள்ளே இருப்பதுதான் நல்லது. இதற்குத் தேவையான சாமான் அதிகமில்லை: குடிதண்ணீர், கெட்டுப்போகாத தின்பண்டம், டார்ச், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளின் மருந்துக் குறிப்பு. எல்லாரும் மறக்கிற ஒன்று, மூடி போட்ட வாளியும் மறைப்புக்கு ஒரு துணியும். கழிப்பறை வெளியே இருக்கிற பள்ளிகளில் நாலு மணி நேரம் அடைபட்டால் சின்னப் பிள்ளைகள் படும் அவஸ்தை இவை இல்லாததால்தான். கண்ணீர்ப் புகை வந்தால் கண்ணைக் கசக்க விடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கும் சேர்த்துத் தண்ணீர் வையுங்கள்.

பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் கொஞ்சம் கூட இளக்கம் காட்டக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பெயர் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் கடைத்தெருவில் ஏதோ சத்தம் என்று செய்தி வந்த கால் மணி நேரத்தில் பைக்கில் ஒரு இளைஞர் வந்து வாசலில் நின்றார். "அக்கா, என் அண்ணன் மகளை அனுப்புங்க, வீட்ல எல்லாரும் பயந்துபோய் இருக்காங்க." பிள்ளையும் "சித்தப்பா!" என்று எழுந்து ஓடினாள். வாசலில் இருந்த தன்னார்வலர் நோட்டைப் புரட்டினார். அந்தப் பெயர் இல்லை. "தம்பி, உங்களை நான் சந்தேகப்படலை. இதுல அவ அம்மா, பாட்டி, எதிர்வீட்டு அக்கா மூணு பேர்தான் இருக்காங்க. யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இவ என் பக்கத்துலயே உக்காந்திருப்பா." அவர் கோபப்பட்டார், சத்தம் போட்டார், கேட்டை உதைத்தார். தன்னார்வலர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அந்த இளைஞர் பாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். பாட்டி நோட்டில் கைநாட்டு வைத்து அழைத்துப் போனார். அந்தப் பாட்டிதான் பிறகு தன் தெருவில் பள்ளிக்காகப் பேசினார். "சொந்தச் சித்தப்பன் வந்தும் விடலையே" என்பதுதான் அவர் சொல்லிக்கொண்டு திரிந்த பாராட்டு.

அடுத்து வழி. பாதிப் பிள்ளைகள் வராததற்குக் காரணம் பாடத்திலோ உங்களிடமோ இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அது நடந்து வரும் தூரம்தான். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007-ல் 31 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்குள்ளேயே சின்னச் சமூகப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மற்ற கிராமத்துப் பிள்ளைகள் வழக்கம்போல் தூரத்து அரசுப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ஊருக்குள்ளே பள்ளி வந்த இடங்களில் சேர்க்கை 42 சதவீதப் புள்ளிகள் கூடியது. பெண் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தால் 52. பள்ளி ஒவ்வொரு மைல் தள்ளிப் போகும்போதும் சேர்க்கை 16 புள்ளிகள் இறங்கியது. நல்ல கட்டிடம், பெரிய பள்ளி என்பதையெல்லாம்விட வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இதை உங்கள் ஊரில் செய்து பார்க்கும்போது ஒரு தர்மசங்கடம் வரும். எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து பிள்ளைகள் வர முடியவில்லை, அங்கேயே ஒரு திண்ணையில் தனி வகுப்பு வைக்கலாமா? வைத்தால் ஊர்ப் பிரிவினையைப் பள்ளியே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? இந்தக் கேள்வியில் தன்னார்வலர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரிந்து போனதைப் பார்த்திருக்கிறேன். வையுங்கள் என்பதே என் பதில். கொள்கைக்காக ஒரு பிள்ளை ஆறு மாதம் எழுத்தை மறக்க வேண்டியதில்லை. ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆசிரியர்கள் மாறி மாறிப் போக வேண்டும். அந்தத் தெருவுக்கு அந்தப் பக்கத்து ஆசிரியர் என்று நிரந்தரமாக விட்டால் அது இன்னொரு பள்ளியாகிவிடும். அன்றைக்கு இங்கே என்ன பாடமோ அங்கேயும் அதே பாடம். வருகைப் பதிவேடு ஒன்றே. ஒரு பக்கப் பிள்ளைகள் வரைந்த படத்தையும் எழுதிய கதையையும் மறுநாள் மறுபக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள், பெயரோடு ஒட்டுங்கள். அப்புறம், இந்த ஏற்பாடு எந்தத் தேதி வரை என்று முதல் நாளே சொல்லி, அந்தத் தேதியில் இரண்டு பக்கப் பெற்றோரோடும் கூடி மறுபடியும் பார்க்க வேண்டும். தேதி போடாத தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடும்.

பள்ளிக்கட்டிடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு தரப்பின் கூட்டத்துக்கு, தேர்தல் வேலைக்கு, ராத்திரி தங்கலுக்கு, காவல்துறை முகாமுக்கு என்று எதற்கும். ஒரு தரப்பு ஒரு ராத்திரி தங்கினாலே மறுநாளிலிருந்து அது மறுதரப்புக்கு எதிரியின் இடம். சத்தீஸ்கரில் பாதுகாப்புப் படைகள் பள்ளிகளில் முகாமிட்டதும், மாவோயிஸ்டுகள் பள்ளிக்கட்டிடங்களைத் தகர்த்ததும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. படைகள் பள்ளிகளை விட்டு வெளியேற வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. பள்ளிகளைப் போர் வேலைக்குப் பயன்படுத்துவதைத் தவிர்ப்போம் என்ற பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம் 2015-ல் நார்வேயின் ஆஸ்லோவில் தொடங்கியது. இதுவரை 120 நாடுகளுக்கு மேல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவி கேட்டு வந்து நிற்கிறவரிடம் பிரகடனத்தைப் படித்துக் காட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. இரண்டு பூட்டுப் போடுங்கள். ஒரு சாவி ஒரு பக்கப் பெற்றோரிடம், மற்றது மறுபக்கப் பெற்றோரிடம். "சாவி என்கிட்ட இல்லீங்க, இரண்டு பேரும் வந்தால்தான் திறக்க முடியும்" என்று நீங்கள் சொல்வது அப்போது உண்மையாகவே இருக்கும். உயிருக்கு மிரட்டல் என்றால் கட்டிடத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். வகுப்பை மரத்தடியில் தொடரலாம்.

இதில் நேபாளத்திடமிருந்து கற்க நிறைய இருக்கிறது. 1996 முதல் 2006 வரை அரசுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அங்கே பள்ளிகள் இரண்டு பக்கத்திடமும் மாட்டிக்கொண்டு தவித்தன. அப்போது பல இடங்களில் பெற்றோர், ஆசிரியர், கட்சிக்காரர்கள், உள்ளூர்ப் பெரியவர்கள் என்று எல்லாரையும் உட்கார வைத்து, பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது, சீருடையோடு வரக் கூடாது, கட்சி நிகழ்ச்சி கூடாது, பிள்ளைகளை ஊர்வலத்துக்கு அழைத்துப் போகக் கூடாது என்கிற மாதிரி நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். ‘பள்ளி அமைதி மண்டலம்’ என்று அதற்குப் பெயர். 2011-ல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. உங்கள் ஊருக்கும் ஒரு பக்கத் தாளில் ஐந்தாறு வரி போதும். கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள் என்று இல்லை. ஆனால் மீறும்போது அவர்கள் பக்கத்து ஆட்களே அவர்களைக் கேள்வி கேட்பார்கள்.

பதிவேடு விஷயத்தில் ரொம்பவும் கவனம் வேண்டும். பெயர், வயது, யாரிடம் ஒப்படைப்பது, என்ன மருந்து, எந்த நிலையில் படிக்கிறது: இவ்வளவு போதும். யார் எந்தச் சமூகம், எந்த மதம், அப்பா எந்தக் கட்சி என்பதையெல்லாம் எழுதி வைக்காதீர்கள். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு முந்தைய காலத்தில் வகுப்பறைகளில் ஹூட்டு, டுட்சி என்ற இரண்டு இனத்துப் பிள்ளைகளையும் தனித்தனியாக எழுந்து நிற்கச் சொல்லிக் கணக்கெடுத்தார்கள். அன்று டுட்சி என்று எழுந்து நின்ற பிள்ளைகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். பட்டியல் என்று ஒன்று இருந்தால் ஒருநாள் யாராவது அதைக் கேட்பார்கள். நன்கொடை கொடுப்பவர்கள் புகைப்படம் கேட்டால் பிள்ளைகளின் நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள், முகத்தை வேண்டாம். தன்னார்வலர்கள் ஊர்ச் சண்டையைப் பற்றித் தங்கள் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில்கூட ஒரு வரி எழுதக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கருத்து இருக்கலாம், அதை அந்த ஊரில் வேலை முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இனி பாடம். நாளைக்குத் தொடரும் என்று எதையும் விடாதீர்கள். நாளை எந்தப் பிள்ளை வரும் என்று தெரியாது. ஒரே நாளில் தொடங்கி முடிகிற பாடமாக அமைத்துக்கொள்ளுங்கள். வயதை வைத்துப் பிரிக்காமல், எழுத்து தெரியாதவர்கள், சொல் படிப்பவர்கள், பத்தி படிப்பவர்கள் என்று வாசிக்கும் நிலையை வைத்துக் குழுவாக உட்கார வையுங்கள். விட்டு விட்டு வருகிற பிள்ளைகளுக்கு அட்டை முறை நன்றாக உதவும். கொலம்பியாவில் 1970-களில் தொடங்கிய எஸ்குவேலா நுவேவா கிராமப்புறப் பள்ளிகளும், ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான அட்டைகளும், அதைப் பார்த்துவிட்டு வந்து தமிழ்நாட்டில் செய்த செயல்வழிக் கற்றலும் இதே யோசனைதான். பிள்ளை எங்கே விட்டதோ அந்த அட்டையிலிருந்து எடுத்துத் தொடரும். மற்றவர்கள் போய்விட்டார்களே என்று நிற்க வேண்டியதில்லை. வாசிப்பும் கணக்கும் தினமும் இருக்கட்டும். மற்றப் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். விளையாட்டைக் குறைக்கக் கூடாது. முதல் கால் மணி நேரம் தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும்: அதே பாட்டு, அதே வரிசை, அதே இடம். ராத்திரி தூங்காமல் வந்த பிள்ளைக்கு அதுதான் முதலில் உதவுவது.

பாயில் படுத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள். நேற்று என்ன பார்த்தாய் என்று கிண்டிக் கேட்காதீர்கள். பார்த்ததை வரை என்று தலைப்பும் கொடுக்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள், தானாக வரைந்தால் பத்திரப்படுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் பார், கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு என்ற மூன்றைத்தான் சொல்கிறது. நடந்ததை விவரிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறது. "எங்க தெருவை எரிச்சிடுவாங்களா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடத்தான் வாய் வரும். சொல்லாதீர்கள். நடந்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்வது எதையும் அந்தப் பிள்ளை நம்பாது. "எனக்குத் தெரியலம்மா. அப்படி நடக்காம இருக்கப் பெரியவங்க பேசிட்டிருக்காங்க. நீ இங்க இருக்கிற நேரத்துல நாங்க உன் பக்கத்துல இருப்போம். அம்மா வர்ற வரைக்கும் இருப்போம்." உங்களால் காப்பாற்ற முடிகிற வாக்கு அது ஒன்றுதான். வாரக்கணக்கில் பேசாத, சாப்பிடாத, எதற்கும் நடுங்குகிற பிள்ளையைப் பயிற்சி பெற்றவரிடம் அனுப்ப வேண்டும். அருகில் யார் இருக்கிறார்கள் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்புகிற குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிள்ளை எந்த நூல் வரை படித்தது, கணக்கில் எதுவரை வந்தது என்று நாலு வரி. போகிற இடத்துப் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

தன்னார்வலர்களைப் பற்றி. யாரும் தனியாக வரவோ போகவோ கூடாது, வகுப்பில் எப்போதும் இரண்டு பேர். பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றே விடுவித்துவிடுங்கள், காரணம் கேட்காமல். திரும்பி வந்தாலும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். வீரம் காட்டுகிறவர்களை வைத்துப் பள்ளி நடத்த முடியாது. அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் துணிந்து ரோட்டில் இறங்கும். உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேருக்காவது பாடம் நடத்தக் கற்றுக்கொடுங்கள். வெளியூர்த் தன்னார்வலர்கள் வர முடியாத நாட்களில் பள்ளி அவர்களால்தான் நடக்கும். அவர்களுக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். வெளியிலிருந்து வருகிறவர் பஸ் ஏறிப் போய்விடலாம். அவர்கள் அதே தெருவில்தான் ராத்திரி தூங்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது என்று கேட்டால்: இரண்டு பக்கத்திலிருந்தும் மூன்று மூன்று பெற்றோரை அழையுங்கள், அதில் பாதியாவது பெண்களாக இருக்கட்டும். மூடும் விதி, திறக்கும் விதி, ஒப்படைப்பு நோட்டு, இரண்டு பூட்டு, இந்த நாலையும் முடித்துவிட்டு எழுங்கள். வராமல் நின்ற பிள்ளைகளின் வீட்டுக்கு அதற்கு அடுத்த நாள் போகலாம். அப்போது உங்களிடம் சொல்வதற்குத் தெளிவான பதில் இருக்கும்.